தக்காளியில் எவ்வளவு தண்ணீர்?

அன்புள்ள அக்கா,

வீட்டுக்குப் பின்னால் 12 தக்காளிச் செடி வைத்திருக்கிறேன். ஒரு வகை ஆளுயரம் வளர்ந்து, சின்னப் பழமாகக் கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறது. இன்னொன்று குட்டை; பெரிய பழங்கள், எல்லாம் ஒரே சமயத்தில். எடை போட்டால் அதுதான் அதிகம். எதில் விதை எடுக்கலாம்? செடியின் உயரத்துக்கும் விளைச்சலுக்கும் தொடர்பு உண்டா? அப்புறம், முன்பெல்லாம் தக்காளி ருசியாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அது வெறும் பழைய நினைப்புதானே? உங்கள் கட்டுரைகளும் நீளம்.

ஒரு வாசகன், கோலகங்சார்

அன்புள்ள தம்பி,

நீளத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். 'பழைய நினைப்பு' என்று எழுதினாயே, அதற்குத்தான் இந்தப் பதில். போன வாரம் இங்கே சுங்கை சிப்புட் சந்தையில் கேமரன் மலைத் தக்காளி வாங்கி ரசம் வைத்தேன். நாலு பழம் போட்டும் புளி கரைக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து இதே யோசனைதான்.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தாள். ஸ்டோரில் பாலை எடை போட்டதோடு விடமாட்டார்கள். கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்ற மிதவையை அதில் விடுவார்கள். அது எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்து ரப்பர் எத்தனை சதம் என்று கணக்குப் போடுவார்கள். பாலில் 100க்கு 30, 40 பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். ஒரு நாள் மரம் வெட்டி முடித்ததும் மழை பிடித்துக்கொண்டு பால் வடியும் மங்குக் கிண்ணத்திலெல்லாம் தண்ணீர் விழுந்துவிட்டது. அம்மா வேண்டுமென்றே கலந்தாள் என்று எல்லோர் முன்னாலும் தோட்டத்துக் கணக்கரான கிராணி கத்தினார். அவள் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து வாளியை மூன்று தடவை கழுவினாள். எனக்கு அப்போது 9 வயது.

தண்ணீருக்குக் காசு கிடையாது என்று அன்று அவ்வளவு கறாராக இருந்தார்களே, தக்காளியில் மட்டும் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோமே, தம்பி! தக்காளியில் 100க்கு 94 பங்கு தண்ணீர். இனிப்பு, புளிப்பு, மணம் எல்லாம் மிச்சமுள்ள ஐந்தாறு பங்குக்குள்தான். சாஸ் ஆலைக்காரர்கள் ஒரு சொட்டுச் சாறு எடுத்து, அதில் சர்க்கரை முதலியவை எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று காட்டும் 'பிரிக்ஸ்' அளந்து பார்க்கிறார்கள். சந்தைத் தராசுக்கு அது தெரியாது. எடைக்குத்தான் விலை என்றால், விதை தேர்ந்தெடுப்பவனும் எடையைப் பார்த்துத்தானே தேர்ந்தெடுப்பான்? நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய். முதலில் தராசைத்தான் எடுத்திருக்கிறாய்!

விளைச்சல் ஏறினால் இனிப்பு இறங்குகிறது என்பது தக்காளி வளர்ப்பாளர்கள் நெடுநாளாகப் படும் பாடு. சர்க்கரையைச் சமைப்பது இலை. உன் குட்டைச் செடியில் பழங்களெல்லாம் ஒரே நேரத்தில் பந்திக்கு உட்காருகின்றன; அத்தனைக்கும் பரிமாற அந்தக் கொஞ்ச இலையால் முடியாது. நெட்டைச் செடி வளர்ந்துகொண்டே இருக்கும், பழம் ஒவ்வொரு கொத்தாக வரும். உயரத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குப் பின்னால் அம்மா வைத்த செடியில், காயின் காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக ஒரு தோள் இருக்கும். பழுத்த பிறகும் அந்த இடம் மட்டும் மஞ்சளாய்க் கெட்டியாக நிற்கும். கடைக்காரர்களுக்கு அது ஆகாது, பழம் சீராகச் சிவக்க வேண்டும். அதனால் தோள் இல்லாத வெளிறிய காய்களையே தேர்ந்தெடுத்துப் பல பத்தாண்டுகள் விதை பெருக்கினார்கள். அந்தச் சீர்நிறம் ஜிஎல்கே2 என்ற மரபணு கெட்டுப்போனதால் வந்தது என்று 2012இல் கண்டுபிடித்தார்கள். அது சரியாக இருந்தால் காயில் பச்சையம் கூடும், பழத்தில் சர்க்கரையும் கூடும். இதையா பழைய நினைப்பு என்கிறாய்? நீ அந்தப் பழத்தைத் தின்றதே இல்லை, கண்ணு. அதுதான் எனக்கு வருத்தம்.

சரி, விதை. பாக்கெட்டில் எஃப்1 (இரண்டு வகையைக் கலந்த முதல் தலைமுறை விதை) என்று போட்டிருந்தால் எடுக்காதே. அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. இல்லையென்றால் சின்னப் பழம்தான். வாடல் நோயைத் தாங்கும் குணமும் பல வகைகளில் சின்னப் பழத்தோடு ஒட்டியே வருகிறது. ஒவ்வொரு செடியிலும் ஒரு பழத்தை உப்புத் தொடாமல் கடித்துப் பார்த்து, பிடித்த செடியில் ஒரு கயிறு கட்டி வை. விதையை அந்தக் கொழகொழப்போடு இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டுக் கழுவு. அம்மா சாம்பலில் புரட்டிக் காயவைத்து, பழைய சட்டைத் துணியில் முடிந்து அடுப்புக்கு மேலே தொங்கவிடுவாள்.

எனக்கும் பத்து விதை அனுப்பு.

அன்புடன்,
அக்கா