நம்ம ஏரியால செல்ஃப் சர்வீஸ் லாண்டரியே இல்ல, வீட்டை அடமானம் வெச்சு ஆரம்பிக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 36 வயசு, மாச சம்பள வேலை. எங்க ஏரியால செல்ஃப் சர்வீஸ் லாண்டரி (நாமளே துணிய கொண்டுபோய் மெஷின்ல போட்டு காசு குடுத்து துவைச்சுக்கிற கடை) ஒண்ணு கூட கிடையாது, அதனால போட்டியே இருக்காதுன்னு தோணுது. 8 வாஷிங் மெஷின், 4 டிரையர் போட்டு ஆரம்பிக்கலாம்னு பிளான். என் சேமிப்பு மொத்தமும் போடுறேன், மீதிக்கு வீட்டை அடமானம் வெச்சு லோன். மெஷின் விக்கிறவங்க குடுத்த கணக்குப்படி ஒரு மெஷின் ஒரு நாளைக்கு 6 லோடு (ஒரு தடவ போட்டு துவைக்கிற துணி ஒரு லோடு) ஓடும், மாசாமாசம் லாபம் நிக்கும்னு சொல்றாங்க. வீட்டுல பயப்படுறாங்க. கடைக்கு டோக்கன் அட்வான்ஸ் குடுக்கலாமா, வேலைய விடலாமா?

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு, அட்வான்ஸ் இப்ப குடுக்காதீங்க. உங்க ஐடியா தப்புன்னு நான் சொல்ல வரல, நல்லா நடக்கக்கூடிய தொழில்தான், ஆனா நீங்க கணக்கு போட்டிருக்கிற ஆர்டர் தலைகீழா இருக்கு, கடை மெஷின் லோன் எல்லாம் முடிவாகி கடைசில கஸ்டமர் வந்துருவாங்கன்னு விட்டிருக்கீங்க.

போட்டியே இல்லன்னு எழுதியிருக்கீங்க. உங்க ஏரியால எல்லாரும் அழுக்குத் துணியோடவா சுத்துறாங்க, எப்படியோ துவைச்சுக்கிட்டுதானே இருக்காங்க? வீட்டு மெஷின்ல, கையால, கூலிக்கு துவைச்சு குடுக்குறவங்க கிட்டன்னு. அதுதான் உங்க போட்டி. வீட்ல மெஷின் வாங்கி வெச்சவங்களுக்கு அதுக்கான காசு ஏற்கனவே போயாச்சு, இனிமே ஒவ்வொரு லோடும் அவங்களுக்கு ரொம்ப சல்லிசு, அவங்க துணி மூட்டைய தூக்கிட்டு உங்க கடைக்கு நடந்து வரணும்னா வலுவான காரணம் வேணும். யாரும் கடை வெக்கலன்னா ஒருவேளை யாருக்கும் தோணாம இருந்திருக்கலாம், இல்ல நாலு பேரு கணக்கு போட்டுப் பாத்துட்டு வேணாம்னு போயிருக்கலாம். எதுன்னு வெளிய இருந்து பாத்தா தெரியாது, அத கண்டுபிடிக்கிறதுக்குத்தான் உங்க முதல் காசு செலவாகணும்.

இப்ப உங்க கணக்குக்கு வரேன். நீங்க கேள்வியோட அனுப்பின வரவு செலவு கணக்குச் சீட்ட எல்லாருக்கும் புரியுற மாதிரி மாத்திக்கிறேன். துவைச்சு காயவெக்க ஒரு லோடுக்கு கஸ்டமர் குடுக்குறது 100னு வெச்சுக்குவோம். அதுல கரண்ட், தண்ணி, சோப்பு, பேமெண்ட் கமிஷன், ரிப்பேருக்கு ஒதுக்குறதுன்னு 40 போயிரும், கையில 60 நிக்கும். அதே அளவுகோல்ல உங்க மாச நிலையான செலவு 72,000 வருது, வாடகை ஆள் சம்பளம் இன்சூரன்ஸ் எல்லாம் 42,000, லோன் இஎம்ஐ 30,000. 72,000 ஐ 60ஆல வகுத்தா மாசம் 1,200 லோடு, ஒரு நாளைக்கு 40, அதாவது 8 மெஷினும் தெனமும் தலா 5 தடவ ஓடுனாத்தான் கையக் கடிக்காம நிக்கலாம். உங்களுக்கு சம்பளம்னு ஒரு பைசா நான் இதுல சேக்கல.

விக்கிறவங்க சொன்ன 6 லோடு நடந்துச்சுன்னா மாசம் 14,400 மிச்சம். 4 லோடுதான் நடந்துச்சுன்னா அதே 14,400 நஷ்டம். ஒரு மெஷினுக்கு ஒரு லோடு முன்ன பின்ன ஆனதுக்கே இவ்ளோ வித்தியாசம். புதுக் கடை, புதுப் பழக்கம், ஜனங்க மெதுவாத்தான் வருவாங்க, முதல் 6 மாசம் சராசரியா மெஷினுக்கு 2 லோடுன்னு வெச்சா அந்த 40ல நாளைக்கு 24 லோடு குறையுது, மாசத்துக்கு 43,200, ஆறு மாசத்துல 2,59,200, அதாவது மூணரை மாச நிலையான செலவ விட அதிகம், அது முழுக்க கைக்காசுலேருந்து போகணும். உங்க சேமிப்பு மொத்தமும்தான் மெஷினுக்குள்ள போயிருச்சே, அப்ப அந்தக் கைக்காசு எங்கேருந்து வரும்? உங்க சீட்டுல இதுக்கு ஒரு வரி கூட இல்ல தம்பி, என்னைய ரொம்ப பயமுறுத்துறது இதுதான்.

இன்னொரு பக்கமா பாருங்க. நாளைக்கு 40 லோடுன்னா வாரத்துக்கு 280. ஒரு வீட்டுக்காரங்க வாரம் ஒரு தடவ ரெண்டு லோடு கொண்டு வர்றாங்கன்னா உங்களுக்கு விடாம வர்ற 140 வீடு வேணும். 20 வீட்டுல ஒரு வீடு உங்ககிட்ட பழகுறாங்கன்னு நல்ல மனசோட எடுத்துக்கிட்டாலும், மூட்டைய தூக்கிட்டு நடந்து வர்ற தூரத்துல 2,800 வீடு இருக்கணும். இருக்கா? அதுல வாடகைக்கு இருக்கிறவங்க எத்தன பேரு, தனியா ரூம் எடுத்து தங்கியிருக்கிறவங்க, ஹாஸ்டல், துணி காயப்போட இடமே இல்லாத அடுக்குமாடி, தண்ணி கஷ்டம் இருக்கிற தெரு, இதெல்லாம் நடந்து போய் ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க, ரெண்டு ஞாயித்துக்கிழமை போதும். ஜிம், சலூன், சின்ன லாட்ஜ் மாதிரி தெனம் டவல் துவைக்கிற இடங்களையும் தனியா எழுதிக்கங்க, வார நாள்ல காலியா கெடக்குற மெஷினுக்கு வேலை குடுக்கப் போறது அவங்கதான்.

செல்ஃப் சர்வீஸ் லாண்டரிக்கு முன்னோடின்னு சொல்றது 1934ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்ல திறந்த கடைய, நாலு எலக்ட்ரிக் மெஷின், மணிக்கணக்குல வாடகை, அவ்ளோதான். மெஷின் வாங்க முடியாதவங்க வந்து வாடகைக்கு ஓட்டிட்டுப் போற இடம். ஜனங்க வீட்ல இல்லாத ஒண்ண வித்தாங்க, நீங்களும் உங்க ஏரியா வீட்ல என்ன இல்லைங்கிறதத்தான் தேடணும். நிறைய இடத்துல மெஷின் இருக்கும் ஆனா டிரையர் இருக்காது, பெரிய போர்வை கம்பளி துவைக்கிற அளவு மெஷின் இருக்காது. அப்படின்னா உங்க கடையோட உயிரே டிரையரும் பெரிய மெஷினும்தான், நீங்க போட்டிருக்கிற 8க்கு 4ங்கிறது அங்கேயே இடிக்குது.

அத கொஞ்சம் கிட்ட போய் பாக்கலாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், 8 மெஷினும் ஓடுது, ஒரு சுத்து 30 நிமிஷம், மணிக்கு 16 லோடு வெளிய வருது. டிரையர் ஒரு லோடுக்கு 45 நிமிஷம், நாலு டிரையர் சேந்தாலும் மணிக்கு 5 லோடு சொச்சம்தான் காயும். மீதி ஈரத்துணி கூடையில உக்காந்துருக்கு, கூடைக்கு கீழ தண்ணி சொட்டி தரை நனையுது, ஒருத்தர் டிரையர் கண்ணாடிய எட்டிப் பாத்து இன்னும் எத்தன நிமிஷம்னு எண்ணிட்டு நிக்கிறாரு, குழந்தைய இடுப்புல வெச்சிருக்கிற அம்மா பொறுத்துப் பாத்துட்டு ஈரத்தோடயே மூட்டை கட்டி எடுத்துட்டுப் போறாங்க. அவங்க அடுத்த வாரம் வரமாட்டாங்க. அந்த ஒரு நாள் கூட்டத்தத்தான் வருமானம்னு நம்பிக்கிட்டு இருந்தோம், அதே நாள்லதான் கஸ்டமர இழக்குறோம்.

டிரையர்ல கரண்ட் எவ்ளோ போகும்ங்கிறது பெரும்பாலும் வாஷிங் மெஷின் எவ்ளோ நல்லா பிழியுதுங்கிறதுலதான் இருக்கு. ஒரு லிட்டர் தண்ணிய ஆவியாக்கவே குறைஞ்சது 0.63 கிலோவாட் மணி (கரண்ட் பில்லுல வர்ற யூனிட்டுதான்) வேணும், இது இயற்பியல், எந்த கம்பெனியும் இதுல தள்ளுபடி தர முடியாது. 10 கிலோ துணில சுமாரா பிழிஞ்சா 8 லிட்டர் தங்குது, நல்லா பிழிஞ்சா 5 லிட்டர்னு வெச்சுக்கங்க, அந்த 3 லிட்டருக்கு லோடு ஒண்ணுக்கு கிட்டத்தட்ட 1.9 கிலோவாட் மணி, நடைமுறைல இன்னும் கூட, போதாததுக்கு டிரையர் நேரமும் நீளும். அதனால வெல குறைச்சல்னு வேகமா சுத்தாத மெஷின எடுத்துறாதீங்க. சுடுதண்ணியும் இதே மாதிரிதான், 50 லிட்டர 25 டிகிரிலேருந்து 60க்கு கொண்டுபோக 2 கிலோவாட் மணிக்கு மேல ஆகும், எல்லா லோடுக்கும் சுடுதண்ணி இலவசம்னு போர்டு வெச்சா அது லோடுக்கு உங்க கையில நிக்கிற அந்த 60லதான் கை வெக்கும்.

கட்டடம் பத்தி சுருக்கமா சொல்றேன். வேகமா சுத்துற பெரிய மெஷின்ல ஒரு வகை கான்கிரீட் தரைல போல்ட் போட்டு இறுக்கணும், மாடியில அது ஒத்து வராது, சஸ்பென்ஷன் (அதிர்வ தானே தாங்கிக்கிற ஸ்பிரிங் அமைப்பு) உள்ளது வேற மாதிரி, எதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் இடம் பாக்கணும். எட்டு மெஷினும் ஒரே நேரத்துல தண்ணி விட்டா சாக்கடைக் குழாய் தாங்குமான்னு ஒரு பிளம்பர கூட்டிட்டுப் போய் காட்டுங்க. உப்புத் தண்ணியா இருந்தா ஹீட்டர்ல பாறை மாதிரி படியும், சோப்பும் கூட செலவாகும், தண்ணிய டெஸ்ட் பண்ணிருங்க. டிரையர் காத்து வெளிய போற குழாய்ல பஞ்சு சேரும், அது தீப்பிடிக்கிற பொருள், குழாய் நீளமா வளைஞ்சு வளைஞ்சு போற மாதிரி இடம் வேண்டவே வேண்டாம்.

சரி, பரிசோதனை எப்படி பண்றது? தெரிஞ்சவங்க கிட்ட கடை வெச்சா வருவீங்களான்னு கேக்காதீங்க, எல்லாரும் வருவேன்னுதான் சொல்லுவாங்க, உங்க மனசு நோகக்கூடாதுன்னு. ஒரு சின்ன இடத்துல, குறுகிய கால வாடகைக்கு, பழைய மெஷின் ரெண்டு டிரையர் ரெண்டு போட்டு 8 வாரம் ஓட்டுங்க, சாயங்காலமும் வார கடைசியும் மட்டும், வேலைய விடாம. முழு ரேட்டு வாங்குங்க, தொடக்கச் சலுகைன்னு குறைச்சா நீங்க எழுதி வெக்கிற நோட்டு பொய் சொல்லும். யார் வந்தாங்க, எவ்ளோ தூரத்துலேருந்து, ரெண்டாவது தடவ வந்தாங்களா, காயவெக்க மட்டும் வந்தாங்களா, இத மட்டும் எழுதுங்க. முதல் தடவ வர்றது வேடிக்கை பாக்கக்கூட இருக்கும், மூணாவது தடவ வர்றவங்கதான் கஸ்டமர். இதுல போற காச நஷ்டம்னு நெனைக்காதீங்க, வீட்டுப் பத்திரத்த காப்பாத்துறதுக்கு கட்டுற பிரீமியம் அது. எத்தன பேரு மூணாவது தடவ வந்தா அடுத்த படி, எத்தனைக்குக் கீழ போனா நிறுத்துறதுன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வீட்டுக்காரம்மா முன்னாடி எழுதி வெச்சிருங்க, அப்புறமா எழுதினா மனசு நமக்கு சாதகமா நம்பர மாத்திக்கும்.

நோட்டு நல்லா பேசிச்சுன்னா நாலு மெஷின் நாலு டிரையரோட ஆரம்பிங்க, இன்னும் நாலு வெக்க குழாயும் வயரும் மட்டும் இப்பவே இழுத்து விட்டுருங்க. லோன் இல்லாம நிலையான செலவு 24,000க்குள்ள அடங்கினா நாளைக்கு 14 லோடுல கடை தன் கால்ல நிக்கும், 40 லோடுக்கு ஓடுறதும் 14க்கு ஓடுறதும் ஒண்ணா? லோன் தேவைப்பட்டா மெஷின் மேல மட்டும் கேளுங்க, வட்டி கொஞ்சம் கூட இருந்தாலும் பரவால்ல. ஏன்னா கடைய மூடுற நெலம வந்தா மெஷின வித்து கொஞ்சமாவது எடுக்கலாம், தரை, தண்ணிக் குழாய், டக்ட் (டிரையர் காத்து போற குழாய்), டைல்ஸ்ல போட்டது கட்டடக்காரருக்குத்தான், அந்தக் காசுக்காக வீடு போகக்கூடாது. வாடகை ஒப்பந்தம் லோன் முடியிற நாள விட நீளமா இருக்கணும், அதே சமயம் ஒரு வருஷம் கழிச்சு நோட்டீஸ் குடுத்து வெளியேற உங்களுக்கு உரிமை இருக்கணும், இந்த ரெண்டையும் எழுத்துல வாங்குங்க.

வேலை விஷயம். பெரிய கடையே வெச்சாலும் தொடர்ந்து 6 மாசம் கடைய நடத்துற செலவு போக உங்க வீட்டுச் செலவும் அதுலேருந்து வர்ற வரைக்கும் வேலைய விடாதீங்க. சேமிப்புல ஒரு வருஷ வீட்டுச் செலவ தனி கணக்குல போட்டு அதத் தொடவே கூடாது, மிச்சத்துலதான் கடை. வீட்டுல பயப்படுறாங்கன்னு எழுதியிருந்தீங்க, அவங்க பயத்துல நியாயம் இருக்கு தம்பி, இந்தக் கணக்க அவங்களோட உக்காந்து ஒரு தடவ போடுங்க. கட்டடக்காரரு அவசரப்படுத்துனா 8 வாரம் கழிச்சு வரேன்னு சொல்லுங்க, அதுக்குள்ள இடம் போச்சுன்னா போகட்டும், வேற இடம் பாத்துக்கலாம். எட்டு வார நோட்ட எடுத்து வெச்சுக்கிட்டு மறுபடி எழுதுங்க, மெஷின் சைஸும் லோன் அளவும் அந்த நம்பர வெச்சு நானே போட்டுத் தரேன்.