காலி நாற்காலி

அன்புள்ள ஐயா,

அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த 1776 பற்றிய கட்டுரையில் ஜான் டிக்கின்சனுக்கு ஒரே வரிதான் கொடுத்திருந்தீர்கள். ‘பென்சில்வேனிய விவசாயியின் கடிதங்கள்’ எழுதி பிரிட்டனுக்கு எதிராக மக்களை உசுப்பிவிட்டவர், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போடாமல் நழுவியது கோழைத்தனம் இல்லையா? லண்டனில் படித்த பணக்கார வக்கீல் தன்னை விவசாயி என்று சொல்லிக்கொண்டது மோசடி அல்லவா?

ம.

அன்புள்ள ம.,

விவசாயி விஷயத்தை விடுங்கள். அது புனைபெயர். அதற்கெல்லாம் பஞ்சாயத்து வைத்தால் பாதி இலக்கியம் தேறாது.

‘கோழை’ என்ற சொல்லுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வயதில் நானும் அதை அள்ளி வீசியவன், அதனால் உங்களைத் திட்டும் உரிமை எனக்கு உண்டு. வரலாற்றைக் கையெழுத்துப் பட்டியலாகவா படிப்பது?

1776 ஜூலை 1 அன்று பிலடெல்பியாவில், மாகாணப் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸில் டிக்கின்சன் எழுந்து, சுதந்திரம் இப்போது வேண்டாம் என்றார். வெளிநாட்டுத் துணை இல்லை, மாகாணங்களுக்குள்ளேயே கூட்டமைப்பு உருவாகவில்லை. இது காகிதத் தோணியில் புயலுக்குள் இறங்குவது என்றார். இந்தப் பேச்சோடு தன் செல்வாக்கு தீர்ந்தது என்று தெரிந்தேதான் பேசினார். மாகாணத்துக்கு ஒரு ஓட்டு; அன்று பென்சில்வேனியாவின் ஏழு பிரதிநிதிகளில் அவரையும் சேர்த்து நால்வர் எதிர்ப்பு, மூவர் ஆதரவு. மறுநாளும் அவர் வந்து உட்கார்ந்திருக்கலாம். அவரும் வரவில்லை, அவரைப் போலவே எதிர்த்த ராபர்ட் மோரிஸும் வரவில்லை. மூன்றுக்கு இரண்டு என்று மாகாணம் மறுபக்கம் சாய்ந்தது.

தன் கருத்தை ஓர் அங்குலம்கூட மாற்றிக்கொள்ளாமல், ஊர் ஒன்றுபடட்டும் என்று நாற்காலியைக் காலி செய்து பாருங்கள். உங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்திலேயே முயன்று பாருங்கள், பிறகு பேசலாம். அதே மாதம் தன் படைப்பிரிவோடு நியூஜெர்சிக்குக் கிளம்பினார். வேண்டாம் என்று யார் தலைப்பாடாக அடித்துக்கொண்டாரோ, அவரே அந்தச் சண்டைக்குப் போனார்!

பொறுமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள். 1775இல், சுதந்திரத்துக்காக வாதாடிய சக பிரதிநிதி ஜான் ஆடம்ஸ் அவரைப் பெரிய சொத்தும் அற்ப மூளையும் உள்ளவர் என்ற பொருளில் நண்பருக்கு எழுதிய கடிதம், பிரிட்டிஷார் கையில் சிக்கிப் பத்திரிகையில் வந்துவிட்டது. செப்டம்பரில் ஒரு காலை, செஸ்ட்நட் தெருவில் இருவரும் முழங்கை உரசும் நெருக்கத்தில் எதிர்ப்பட்டார்கள். ஆடம்ஸ் தொப்பியைக் கழற்றி வணங்கினார். டிக்கின்சன் தலையைக்கூட அசைக்காமல் போய்விட்டார். ஆடம்ஸே நாட்குறிப்பில் எழுதிவைத்திருப்பது இது.

நான் ஒரு நண்பரைப் பற்றி இன்லேண்ட் கடிதத்தில் எழுதிய ஒரு வரி, சுற்றிச் சுற்றி அவர் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஆறு மாதம் கழித்து டீக்கடை வாசலில் நான்தான் முதலில் கைகூப்பினேன். அவர் டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. தப்புச் செய்தவன் நான், கோபமும் எனக்கே! அவர் இப்போது இல்லை.

எதற்கோ ஆரம்பித்து எங்கோ வந்துவிட்டேன். கையெழுத்துதான் உங்களுக்கு முக்கியமென்றால், 1787 அரசியல் சாசனத்தின் கீழே டெலவேர் பிரதிநிதிகள் வரிசையில் டிக்கின்சன் பெயரும் இருக்கிறது, பாருங்கள். உடம்பு சரியில்லாமல் முன்னதாகவே ஊருக்குப் போய்விட்டார். அவர் சொன்னபடி அதைப் போட்டது சக டெலவேர் பிரதிநிதி ஜார்ஜ் ரீட்.