டின்னர் தியேட்டர் – கடிதமும் பதிலும்

சார்,

போன வாரம் ஆபீஸ்ல எல்லாரையும் இங்க பக்கத்துல சான்ஹாசன் டின்னர் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. முதல்ல சாப்பாடு, அப்புறம் அதே டேபிள்ல உக்காந்தபடியே மியூசிகல், அதாவது பாட்டும் ஆட்டமுமா ஒரு நாடகம். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நாடகத்தை சாப்பாட்டுக்குத் தொட்டுக்கிற ஐட்டம் ஆக்கிட்டாங்களோன்னு ஒரு உறுத்தல். இதை எல்லாம் சீரியஸான தியேட்டர்னு சொல்லலாமா? வரலாறுன்னு ஏதாவது இருக்கா?

– ஒரு வாசகர், மினியாபொலிஸ், அமெரிக்கா

வணக்கம்,

வரலாறு இருக்கு, அதுல நாடகம்தான் முதல்ல வந்துச்சு, சாப்பாடு பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. 1953ல நியூயார்க்லேர்ந்து கிளம்பி வந்த ஒரு சின்ன நடிகர் கூட்டம் வர்ஜீனியாவுல ரிச்மண்டுக்கு வடக்கே ஹானோவர் டாவர்ன்னு ஒரு பழைய சத்திரத்தை வாங்கி, அங்கயே குடியிருந்துக்கிட்டு பார்க்ஸ்டேல் தியேட்டர்னு ஆரம்பிச்சாங்க. நாட்டுப்புறம், நாடகம் பாக்க காரோட்டி வர்றவன் சாப்பிட பக்கத்துல ஒண்ணும் கிடையாது, சரி நாமளே சமைச்சுப் போட்டுருவோம்னு இறங்கிட்டாங்க. அமெரிக்காவோட முதல் டின்னர் தியேட்டர்னு பொதுவா இதைத்தான் சொல்றாங்க.

இன்னொண்ணு, அதுதான் எனக்குப் பெருசாப் படுது. பொது அரங்குகள்ல கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியாத்தான் உக்காரணும்னு வர்ஜீனியாவுல 1926லேர்ந்தே சட்டம். அதை மீறி ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்ச அந்த மாநிலத்தோட முதல் நாடக அரங்குகள்ல பார்க்ஸ்டேலும் ஒண்ணு. ஒண்ணா நாடகம் பாக்கறதே குத்தம்னு இருந்த ஊர்ல ஒண்ணா சாப்பாடும்னா அது எவ்வளவு பெரிய விஷயம்னு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல. இதுக்கு மேல என்ன சீரியஸ் வேணும்?

அப்புறம் 60கள்ல இது ஒரு பிசினஸா மாறுது. பார்ன் (தானியக் களஞ்சியம்) டின்னர் தியேட்டர்னு தென் மாநிலங்கள்ல வரிசையா திறந்தாங்க, அதுல 1964ல தொடங்குன கிரீன்ஸ்போரோ பார்ன் ரொம்ப காலம் தாக்குப்பிடிச்ச ஒண்ணு. அங்க நடுவுல பஃபே இருக்கும், எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் அதை அள்ளிட்டு, மேல கூரையிலேர்ந்து மேடையே லிஃப்ட் மாதிரி கீழ இறங்கும்! பல பார்ன்கள்ல நடிகர்களே பரிமாறவும் செஞ்சாங்க, இப்ப குழம்பு ஊத்துனவன் அரை மணி நேரம் கழிச்சு ஹீரோ.

நீங்க போன சான்ஹாசன் 1968ல ஹெர்ப் புளூம்பெர்க்னு ஒரு கட்டட கான்ட்ராக்டர் கட்டுனது (பாடகர் பிரின்ஸோட வீடும் ஸ்டூடியோவுமா இருந்த பெய்ஸ்லி பார்க்கும் அதே ஊர்தான், அதையும் பாத்துருங்க). அங்க 1971ல 'ஐ டூ! ஐ டூ!'ன்னு ஒரு மியூசிகல் போட்டாங்க, ரெண்டே பாத்திரம், ஒரு தம்பதியோட 50 வருஷக் கல்யாண வாழ்க்கை. டேவிட் ஆண்டர்ஸ், சூசன் கோப்பிங்கர்னு ரெண்டு பேர் நடிச்சாங்க, நாடகம் 1993 வரைக்கும் ஓடுச்சு, கடைசி வரை அதே ஜோடி, நடுவுல நிஜமாவே கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. பெரிய நகரத்தை விட்டுத் தள்ளி ஒரு நடிகனுக்கு 22 வருஷம் ஒரே இடத்துல வேலை, யோசிச்சுப் பாருங்க. அந்த சம்பளத்துல உங்க டேபிள்ல வச்ச டின்னருக்கும் பங்கு உண்டு.

உங்க உறுத்தல்ல பாதி நியாயம்னு வேணா ஒத்துக்குறேன், ஆனா அது சாப்பாட்டைப் பத்தி இல்ல. வயிறு நிறைய சாப்பிட்டு ரெண்டு கிளாஸ் வைன் உள்ள போன கூட்டத்துக்கு முன்னாடி கனமான நாடகம் போட எந்த முதலாளிக்கும் தைரியம் வராது, அதனாலதான் திரும்பத் திரும்ப காமெடியும் தெரிஞ்ச மியூசிகலுமா ஓட்டுறாங்க. எனக்கு அலுக்கிறது அந்த லிஸ்ட்தான்.