ஐரோப்பாவின் சட்டம் நமக்குப் போதுமா?

கேள்வி: செயற்கை நுண்ணறிவைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் ஒன்றுகூடி ஒப்பந்தம் செய்யவேண்டும் என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். ஐரோப்பாவில் இதற்கெனச் சட்டமே வந்துவிட்டது என்கிறார்கள். மற்ற நாடுகளும் தத்தமக்கு வேண்டிய சட்டத்தை இயற்றிக்கொண்டால் போதாதா?
- வாசகி, நாயுடுபுரம், கொடைக்கானல்

பதில்: போதாது, அம்மா. காரணத்தை உங்கள் ஊர் பட்டே அறிந்திருக்கிறது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, 1980களில் இயந்திரங்களோடு கொடைக்கானலுக்கு வந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் பழைய பொருள் வாங்கும் கடை ஒன்றில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி கிழிந்த சாக்குகளிலிருந்து சிந்திக் கிடந்ததை மக்கள் வெளிக்கொண்டுவந்து போராடிய பிறகே ஆலை மூடப்பட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா என்ற பன்னாட்டு உடன்படிக்கையை நாடுகள் ஏற்றதோ 2013இல். இந்தியா அதில் உறுதியாக இணைந்தது 2018இல். ஆபத்து எல்லை தாண்டி வந்து வெகுகாலம் கழித்தே பொது விதி வந்தது.

ஆலை இடம்பெயரக் கப்பலும் லாரியும் வேண்டியிருந்தன. செயற்கை நுண்ணறிவின் மூளையாக இயங்கும் மென்பொருளை 'மாதிரி' என்பார்கள். பயிற்சி முடிந்து பொதுவெளியில் விடப்பட்ட ஒரு மாதிரியோ வெறும் கணினிக் கோப்பு. அதை எந்த நாட்டிலும் நகலெடுத்துக்கொள்ளலாம், திரும்பப் பெற வழியில்லை.

2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். 1க்குப் பின் 25 சுழியங்கள் வரும் எண்ணிக்கைக்கு மேற்பட்ட கணக்கீடுகளால் பயிற்றப்பட்ட மாதிரி பேராபத்துக்கு இடம் தரக்கூடியது என்று கொண்டு, அதைச் சோதித்துப் பார்க்கவும் கடுமையான விபத்துகளைத் தெரிவிக்கவும் அது நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஆயினும் ஐரோப்பியச் சந்தைக்கு வராத மாதிரியை அது தொடாது.

2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் அமெரிக்கா, சீனா, இந்தியா உட்பட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும், இத்தொழில்நுட்பத்தால் பேரழிவு நேரக்கூடும் என ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டன. நல்ல தொடக்கம்தான், ஆனால் அதில் ஆய்வாளரும் இல்லை, தண்டனையும் இல்லை. 2025 பிப்ரவரியில், இந்தியா இணைத்தலைமை ஏற்ற, செயற்கை நுண்ணறிவு குறித்த பாரிஸ் மாநாட்டின் அறிக்கையில் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்திடவே இல்லை. எனக்கு மிகுந்த வருத்தம் தந்த செய்தி அது.

அணுசக்திக்கு 1957இல் பன்னாட்டு முகமை அமைத்தார்கள். அதன் ஆய்வாளர்கள் அணு உலைகளுக்கே சென்று யுரேனியத்தைக் கணக்கெடுக்கிறார்கள். இங்கும் கணக்கெடுக்கத்தக்கவை உண்டு: பெரிய மாதிரியைப் பயிற்ற ஆயிரக்கணக்கான சிறப்புக் கணினிச் சில்லுகளும் ஒரு நகரத்துக்குப் போதுமான மின்சாரமும் வேண்டும், இவற்றை மறைத்துவைப்பது கடினம். அந்தக் கணக்கை நாடுகள் ஒன்றுக்கொன்று காட்டவேண்டும், ஓரிடத்து விபத்து மற்ற நாடுகளுக்கு உடனே தெரியவேண்டும் என்று இந்தியா வற்புறுத்த வேண்டும். உங்கள் மகன் சொல்வதே சரி.