இந்தியக் கிராமத்துக் கணக்கு: கேட்டவர்களுக்குப் பதில்

இந்தியாவின் 2011 குடிசன மதிப்பீட்டில் சின்னக் கிராமம் ஒன்றின் அட்டவணையை வாசிப்பது பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. திருகோணமலைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) புள்ளிவிபரத்தோடு மாரடித்தவன் என்ற முறையில், கேட்டவரின் ஊர்ப்பெயரைப் போட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

உப்புவெளி: அம்மம்மாவின் ஊர் சிவகங்கைப் பக்கம். அட்டவணையில் பெயரே இல்லை. ஊர் அழிந்துவிட்டதா, சேர்?

இல்லை, பிள்ளை. அங்கே எண்ணுவது வருவாய்க் கிராமத்தை. நாலைந்து குடியிருப்புகள் ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். நம்முடைய ஜீ.எஸ். (கிராம சேவகர்) பிரிவிலும் அப்படித்தானே? பழைய காணி உறுதி, பட்டா ஏதும் பெட்டிக்குள் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் 'இன்ன கிராமம்' என்றிருக்கும் பெயரைத் தேடுங்கள்.

மூதூர்: பால் விகிதம் 1053 என்கிறார்கள். இலங்கையில் நம் புள்ளிவிபரத் திணைக்கள அறிக்கையில் நூற்றையொட்டிய எண்தானே வரும்?

அவர்கள் 1000 ஆணுக்கு எத்தனை பெண் என்று சொல்வார்கள். நாம் 100 பெண்ணுக்கு எத்தனை ஆண் என்போம். 200 பெண், 190 ஆண் உள்ள ஊர் அங்கே 1053, இங்கே 95. ஊர் ஒன்றுதான். குறையும் 10 ஆண்கள் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கலாம். ஊர் சின்னதென்றால் விகிதத்தை விடுங்கள், தலையை எண்ணுங்கள்.

கிண்ணியா: எழுத்தறிவு வீதம் என் கணக்கில் குறைகிறதே?

மொத்தச் சனத்தொகையில் 0–6 வயதுப் பிள்ளைகளைக் கழித்துவிட்டு, மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள்.

நிலாவெளி: சிறுவர் பால் விகிதம் 818. நாட்டுக்கே 919. பெண் சிசுவைக் கொல்லும் ஊர் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள்! அங்கே 0–6 வயதில் 40 பேர், 22 பையன், 18 பெண். ஒரேயொரு குழந்தை பெண்ணாகப் பிறந்திருந்தால் 21க்கு 19, அதாவது 905. ஒரு தொட்டிலில் 87 புள்ளி ஆடுகிறது. 919 என்பது பதினாறு கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கணக்கு.

நிலாவெளி, மறுபடி: பெண் சிசுவைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் விட்டுப்போகச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் 1992இல் சும்மாவா வந்தது?

சும்மா வரவில்லை. சேலத்துக் கொடுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் 18 பிள்ளைகளை வைத்து ஒரு ஊரைக் கொலைகாரர் ஆக்காதீர்கள்.

சாம்பல்தீவு: நிலாவெளிக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு ஊரையும் 'சின்னது' என்று தள்ளினால் குற்றம் எங்கேதான் தெரியும்?

இது நல்ல கேள்வி. சுற்றியுள்ள கிராமங்களைக் கூட்டித் தாலுகா அளவில் பாருங்கள். அங்கேயும் பெண்பிள்ளை குறைந்தால் நானும் உங்கள் பக்கம்.

தம்பலகாமம்: பால் விகிதம் 1000ஐத் தாண்டுமா?

மூதூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கன்னியா: ஊரில் எந்தச் சாதி, எந்தச் சமயம் எத்தனை பேர்?

கிராம அளவில் பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கை மட்டும். சமயம் தாலுகாவில் கிடைக்கும்.

குச்சவெளி: பெரியப்பாவின் பெயர் இருக்குமா?

தனியாள் விபரம் வெளியே வராது, சட்டமே அப்படி. வாக்காளர் பட்டியலைப் பாருங்கள்.

சீனக்குடா: 2021 அட்டவணை அனுப்புவீர்களா?

எடுக்கவேயில்லை, தம்பி. கொரோனாவால் தள்ளிப்போய் இப்போது 2027 என்கிறார்கள்.

நிலாவெளி: தாலுகாவைக் கூட்டினேன். 930 வருகிறது.

அப்போ அந்த 818ஐ அழித்துவிட்டு இதை எழுதுங்கள்.