64 பில்தான் மிச்சம்: தப்பு லூப்பில் இல்லை

கேள்வி: வணக்கம் சார். கம்பத்தில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். 2018 முதல் உள்ள பில், ரசீது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வருடம், மாதம், தேதி என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைத்திருக்கிறோம். ஆடிட்டர் அத்தனையும் ஒரே ஃபோல்டரில் வேண்டும் என்கிறார். யூடியூப் பார்த்து பைத்தான் என்ற நிரல்மொழியில் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) எழுதி எல்லாவற்றையும் காப்பி செய்தேன். எர்ரர் எதுவும் வரவில்லை, இருபது நிமிஷம் ஓடியது. ஆனால் 11,400 படம் இருக்க வேண்டிய இடத்தில் 64 தான் இருக்கிறது. கேரளாவில் உள்ள வண்டன்மேட்டு ஆபீஸிலிருந்து வந்த ஃபோல்டரில் மலையாளத்தில் ‘பில்’ என்று பெயர் உள்ளவற்றை மட்டும் எடுக்கச் சொன்னால் பாதிதான் வருகிறது. இங்கே ஒருவர் இதற்கென்றே சாஃப்ட்வேர் இருப்பதாகச் சொல்லி 18,000 ரூபாய் கேட்கிறார். முதலாளி கொடுத்துவிடலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்த 18,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

உங்கள் லூப் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. 11,400 படத்தையும் ஒன்று விடாமல் தேடி எடுத்துக் கொண்டுபோய் வைத்திருக்கிறது. வைத்த இடத்தில்தான் கோளாறு. அந்த 64 என்ற எண்ணே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. உங்கள் ஸ்கேனர் ஒவ்வொரு புது ஃபோல்டரிலும் ‘ஸ்கேன் 1’, ‘ஸ்கேன் 2’ என்று முதலிலிருந்து எண்ணுகிறது, சரிதானே? காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஏதோ ஒரு நாளில் 64 பில் ஸ்கேன் செய்திருப்பீர்கள், அதுதான் உச்சம். மற்ற எல்லா நாளின் ‘ஸ்கேன் 1’-உம் ஒரே இடத்துக்கு வந்து ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கடைசியாக வந்தது மட்டும் பிழைத்தது.

மவுஸால் இழுத்துப் போட்டிருந்தால் விண்டோஸ் ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றட்டுமா?’ என்று கேட்டிருக்கும். பைத்தானின் காப்பி கட்டளை கேட்காது. சொன்னால் சொன்னதைச் செய்யும், பழையதை அழித்துவிட்டு வாயைத் திறக்காது. நீங்கள் காப்பி போட்டீர்கள், பிழைத்தீர்கள். மூவ் (இடமாற்று) போட்டு, சேரும் இடத்தின் முழுப் பெயரையும் கொடுத்திருந்தால் இந்நேரம் அசலும் போயிருக்கும், 2018 முதல் உள்ள கணக்கோடு.

புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் லாட் நம்பர் இல்லாமல் சாக்கை இறக்கி வைத்தால் யார் காய் எது என்று எப்படித் தெரியும்? அதே கதைதான் இங்கேயும். 2018, 06, 14 என்ற அடையாளம் படத்தின் பெயரில் இல்லை, அது இருந்த ஃபோல்டரின் பெயரில் இருக்கிறது. ஃபோல்டரைவிட்டு வெளியே எடுத்த நிமிஷம் அந்த அடையாளம் போய்விடும். அதனால் காப்பி செய்யும்போதே ஃபோல்டர் பெயர்களைப் படத்தின் பெயரோடு ஒட்டிவிட வேண்டும். ‘2018-06-14-ஸ்கேன்-001’ என்கிற மாதிரி.

எப்படி என்று வார்த்தையிலேயே சொல்கிறேன். நிரலை இங்கே அப்படியே போட்டால் ஃபோனில் காப்பி எடுக்கும்போது வரியின் முன்னால் உள்ள இடைவெளி சிதைந்துவிடும். பைத்தானுக்கு அந்த இடைவெளிதான் உயிர். அப்புறம் என்னைத் திட்டி மறுபடி எழுதுவீர்கள்.

பாத்லிப் என்று ஒரு தொகுதி (தயாராக இருக்கும் கட்டளைகளின் கட்டு) பைத்தானுடனேயே வருகிறது. 2014-இல் 3.4 பதிப்போடு வந்தது, தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. அதில் ‘ஆர்குளோப்’ என்ற கட்டளை ஒரு ஃபோல்டருக்குள் எத்தனை அடுக்கு இருந்தாலும் இறங்கிப் பார்த்து, நீங்கள் கேட்ட வகை ஃபைல்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கும். முன்னால் ‘ஆர்’ இல்லாத வெறும் ‘குளோப்’ மேல் அடுக்கோடு நின்றுவிடும். பாதிப்பேர் இந்த ஒரு எழுத்தில்தான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொள்கிறார்கள், நீங்கள் மாட்டவில்லை.

லூப்புக்குள் கையில் கிடைக்கும் ஒவ்வொரு ஃபைலிடமும் ‘ரிலேட்டிவ் டூ’ என்று கேளுங்கள். தலைமை ஃபோல்டரிலிருந்து அது எந்த வழியாக வந்தது என்று சொல்லும். அந்த வழியின் ‘பார்ட்ஸ்’ என்பது வருடம், மாதம், தேதி, படத்தின் பெயர் என்று நான்கு துண்டு. நான்கையும் நடுவில் ஒரு சின்னக் கோடு வைத்து ‘ஜாயின்’ போட்டால் புதுப் பெயர் தயார். எண்ணை மட்டும் மூன்று இலக்கமாக்க வேண்டும், அதற்கு ‘இசட்ஃபில்’ இருக்கிறது. இல்லாவிட்டால் பெயரை எழுத்து எழுத்தாக வரிசைப்படுத்தும் இடங்களில் 1, 10, 11 வந்து அதற்குப் பிறகு 2 வரும், ஆடிட்டர் உங்களைத்தான் கேட்பார். காப்பிக்கு வெறும் ‘காப்பி’ போடாமல் ‘காப்பி 2’ போடுங்கள். வெறும் காப்பி போட்டால் 2018-இல் ஸ்கேன் செய்த படம்கூட இன்றைய தேதி காட்டும். ‘காப்பி 2’ பழைய தேதியைக் காப்பாற்றும்.

காப்பி வரிக்கு முன்னால் இன்னும் ஒரு வரி: போகிற இடத்தில் இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று ‘எக்சிஸ்ட்ஸ்’ போட்டுப் பாருங்கள். இருந்தால் காப்பி செய்யாமல் பெயரைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி உங்கள் பழைய நிரலில் இருந்திருந்தால் எனக்குக் கடிதமே வந்திருக்காது.

ஓடவிடும் முன் காப்பி வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பழைய பெயரையும் புதுப் பெயரையும் பிரின்ட் செய்யும் வரியை வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சலிப்பாக இருக்கும், இருந்தாலும் செய்யுங்கள். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண ஸ்டுடியோவில், படங்களின் குட்டி நகல்களை மட்டும் அழிக்கிறேன் பேர்வழி என்று நான் ஒரு லூப் ஓட்டினேன். பெயர் பொருத்தத்தில், எதற்கும் பொருந்திவிடும் நட்சத்திரக் குறி ஒன்றை அதிகமாகப் போட்டிருந்தேன். மூன்று கல்யாணம் காணாமல் போனது. பைத்தான் அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது, நேராகப் போய்விடும். அன்றைக்கு அந்த ஸ்டுடியோக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குத் திட்டியிருக்கலாம்.

சேரும் ஃபோல்டரைத் தலைமை ஃபோல்டருக்கு வெளியே, முடிந்தால் வேறு டிரைவில் வையுங்கள். உள்ளேயே வைத்தால் லூப் போகிற போக்கில் தான் காப்பி செய்ததையே மறுபடி கண்டுபிடித்துக் காப்பி செய்யக்கூடும்.

விண்டோஸில் ஃபோல்டர் வழியை எழுதும்போது நடுவில் வரும் பின்சாய்கோட்டைப் பைத்தான் வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும் பிரச்சினையும் உண்டு. ‘யூசர்ஸ்’ என்று வரும் இடத்தில் பைத்தான் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் குறியீடு தரும் ஏற்பாடு) எர்ரர் காட்டி நின்றுவிடும். மேற்கோள் குறிக்கு முன்னால் ‘ஆர்’ என்ற சின்ன எழுத்தைப் போட்டால் தீர்ந்தது.

சரி, மலையாள விஷயத்துக்கு வருவோம். நம் எல்லையில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை யாருமே சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மலையாளத்தில் ‘பில்’ என்று எழுதினால் கடைசியில் வரும் ‘ல்’ ஒரு சில்லு எழுத்து. ண், ன், ர், ல், ள் ஆகியவற்றுக்கு மலையாளத்தில் புள்ளி மாதிரி எதுவும் போடாமல் தனி வடிவமே இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டரில் இந்தச் சில்லு இரண்டு விதமாக உட்கார்ந்திருக்கிறது. பழைய முறையில் ‘ல’, அதன் மேல் சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரி), அதற்குப் பிறகு கண்ணுக்கே தெரியாத ஓர் இணைப்புக் குறி என்று மூன்று துண்டு சேர்ந்து ஒரு சில்லு. 2008-இல் யூனிகோடு 5.1 வந்தபோது சில்லுகளுக்குத் தனித்தனிக் குறியீடே கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சில கீபோர்டு பழைய முறையில் எழுதும், சில புது முறையில் எழுதும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வண்டன்மேட்டில் ஒருவர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் இன்னொருவர் ஃபோனிலும் பெயர் வைத்திருந்தால் உங்களுக்கு இரண்டும் கலந்துதான் வந்திருக்கும்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். வந்ததில் ஒரு பெயர், வராததில் ஒரு பெயர், இரண்டிலிருந்தும் அந்த ‘பில்’ என்ற சொல்லை மட்டும் வெட்டி எடுத்து பைத்தானிடம் நீளம் கேளுங்கள். ஒன்றுக்கு 3 என்னும், இன்னொன்றுக்கு 5 என்னும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது பைத்தானுக்கு இரண்டு வேறு சொற்கள். அது பாதியைத்தான் கொடுக்கும், வேறென்ன செய்யும்?

தமிழிலும் இந்தக் கோளாறு உண்டு. ‘போடி’ என்பதில் ஓகாரக் குறி ஒரே துண்டாகவும் இருக்கலாம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டாகவும் இருக்கலாம். பழைய மேக் கம்ப்யூட்டரிலிருந்து வரும் பெயர்கள் பிரிந்துதான் வரும். ஆனால் தமிழுக்கு மருந்து சுலபம். பைத்தானில் ‘யூனிகோடுடேட்டா’ தொகுதியில் ‘நார்மலைஸ்’ என்று இருக்கிறது, ‘என்எஃப்சி’ என்று சொல்லிக் கொடுத்தால் இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். இதைப் படித்துவிட்டு மலையாளத்துக்கும் அதையே போட்டு ஏமாறாதீர்கள். பழைய சில்லையும் புதுச் சில்லையும் யூனிகோடு விதி ஒன்றாகக் கருதுவதில்லை, நார்மலைஸ் அதைத் தொடவே தொடாது. கையால்தான் மாற்ற வேண்டும். பழைய மூன்று துண்டு எங்கே வந்தாலும் அதற்குப் பதில் புதுச் சில்லை வை என்று ‘ரீப்ளேஸ்’ போடுங்கள், ஐந்து சில்லுக்கு ஐந்து வரி. ஃபைலின் பெயரை மாற்ற வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்கும்போது மட்டும் மாற்றினால் போதும். நீங்கள் தேடும் சொல்லுக்கும் அதே ஐந்து வரியைப் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் இந்தப் பாதிக்குப் பதில் அந்தப் பாதி வரும்.

இந்த மாநிலத்திலிருந்து அந்த மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு ஏற்றினால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்சீட்டு) கேட்கிறார்கள், கணக்குப் புத்தகத்தை ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திரு என்று ஜிஎஸ்டி சட்டம் சொல்கிறது. சரி, வைக்கிறோம். ஆனால் அதை எந்தப் பெயரில் எப்படி வைத்தால் பிற்பாடு தேடி எடுக்கலாம் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. எல்லா ஃபைலுக்கும் ‘ஸ்கேன் 1’ என்றே பெயர் வைக்கும் ஸ்கேனரை விற்கிறார்கள், அதற்கும் பதினெட்டு சதவீதம் வரி வாங்கிக்கொள்கிறார்கள்.

இப்போது உங்கள் சாஃப்ட்வேர்காரர். மேலே சொன்னது மொத்தம் பதினைந்து வரிகூட வராது. அதைத்தான் ஒரு பெட்டிக்குள் போட்டு, மேலே ஒரு பட்டன் வைத்து விற்கிறார். இவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான்: “மாதிரிக்கு ஓட்டிக் காட்டுகிறேன், ரிமோட்டில் உள்ளே விடுங்கள்” என்பார்கள். உள்ளே விட்டால் உங்கள் முதலாளியின் பில் மட்டும் இல்லை, பிரவுசரில் சேமித்த பேங்க் பாஸ்வேர்டும் அவர் கண் முன்னால்தான் இருக்கும். இல்லையென்றால் ஒரு இஎக்ஸ்இ ஃபைலை (திறந்ததும் ஓடும் நிரல்) அனுப்பி, “ஆன்டிவைரஸ் கத்தும், அதை ஆஃப் செய்துவிடுங்கள்” என்பார்கள். ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்பவரிடம் அதற்கு மேல் பேசாதீர்கள். இன்னொன்று, விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசித் துண்டைத் தானாகவே மறைத்து வைக்கிறது, எந்தப் புத்திசாலி செய்த ஏற்பாடோ தெரியவில்லை. ‘பில்.ஜேபிஜி.இஎக்ஸ்இ’ என்று வந்தால் உங்களுக்கு ‘பில்.ஜேபிஜி’ என்று மட்டும்தான் தெரியும், படம் என்று நினைத்துத் திறப்பீர்கள். எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய் ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லி இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

முதலாளிக்கு மனம் கேட்காமல் யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், 11,400 படத்தின் நகலை பென் டிரைவில் கொடுத்து உங்கள் ஆபீஸிலேயே உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். நிரலையும் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். தர மாட்டேன் என்றால் வேறு ஆள் பாருங்கள்.

ஓட்டி முடித்ததும் எண்ணிக்கை பாருங்கள். 11,400 வராமல் கொஞ்சம் குறைந்தால் பயப்பட வேண்டாம், சில படங்கள் ‘ஜேபிஜி’ என்று இல்லாமல் ‘ஜேபிஇஜி’ என்றோ பிடிஎஃப் ஆகவோ இருக்கும், அவற்றுக்கு லூப்பை இன்னொரு முறை ஓட்டுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பில்களின் பெயரில் ஒரு தேதி இருக்கும், அது பில் தேதி இல்லை, உங்கள் ஃபோனுக்கு வந்து சேர்ந்த தேதி. அதை நம்பி எந்த மாதத்திலும் போட்டுவிடாதீர்கள்.

ஆரம்பிக்கும் முன் அந்த 64 படம் உள்ள ஃபோல்டரை மட்டும் அழித்துவிடுங்கள். அதில் இருப்பது எந்த நாள் பில் என்று உங்களாலேயே சொல்ல முடியாது.