தண்டு திரும்பியது, படகு திரும்பவில்லை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நானும் என் அத்தானும் சேர்ந்து 36 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கினோம். அதைப் புதுச்சேரியிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கொண்டுவரும்போது, காரைக்காலுக்குக் கிழக்கே 10 கடல் மைல் தொலைவில் சுக்கான் சக்கரம் கைக்கு இலேசாகிவிட்டது. தளத்தில் உள்ள மூடியைத் திறந்து, அவசரப் பிடியைச் சுக்கான் தண்டின் தலையில் மாட்டித் திருப்பினோம். தண்டு திரும்பியது, படகு திரும்பவில்லை. நல்லவேளையாக அக்கரைப்பேட்டை விசைப்படகு ஒன்று அருகில் இருந்தது. அவர்கள் எங்களை இழுத்து வரும்போது படகு இடமும் வலமுமாகப் பாய்ந்து, முன்பக்கத்தில் கயிறு கட்டும் கிளீட்டே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

படகு இப்போது கரையில் நிற்கிறது. விசைப்படகுக்குச் செய்வதுபோல இரும்புத் தகட்டில் கனமாகச் செய்துவிடலாம் என்று பட்டறைக்காரர் சொல்கிறார். பழைய சுக்கானையே ஒட்டிச் சரிசெய்யலாம் என்பது அத்தானின் எண்ணம். எது சரி? மறுபடியும் நடுக்கடலில் இப்படி நேர்ந்தால் என்ன செய்வது? தை மாதம் திருகோணமலைக்குப் புறப்படலாமா?

இப்படிக்கு,
காரைக்காலிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பழுது எங்கே இருக்கிறது என்பதை, தண்டு திரும்பியது, படகு திரும்பவில்லை என்ற வரியே சொல்லிவிடுகிறது. சக்கரத்திலிருந்து தண்டு வரை செல்லும் கம்பிவடம் அறுந்திருந்தால், அவசரப் பிடியை மாட்டியதும் படகு சொன்னபடி கேட்டிருக்கும். சுக்கானின் இலையே, அதாவது நீருக்குள் நிற்கும் பலகையே, கழன்று கடலில் விழுந்திருந்தால், கரையேற்றியபோது தெரிந்திருக்கும். இரண்டும் இல்லை என்பதால், தண்டையும் இலையையும் பிணைக்கும் எஃகுத் தகடுகள் இலைக்குள்ளேயே முறிந்துவிட்டன என்று கொள்வதே பொருத்தம். தண்டு உள்ளே தனியாகச் சுழல்கிறது, இலை தன்பாட்டுக்கு அலைகிறது.

உங்கள் படகில் இருப்பது, கீழே எந்தத் தாங்கலும் இல்லாமல் தண்டை மட்டும் நம்பித் தொங்கும் வகைச் சுக்கான். இரண்டு ஃபைபர் ஓடுகளை விளிம்பில் ஒட்டி, நடுவே நுரை நிரப்பி இதைச் செய்கிறார்கள். ஃபைபரும் எஃகும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. ஆகவே தண்டு இலைக்குள் நுழையும் கழுத்தில் எத்தனை நன்றாக அடைத்தாலும் காலப்போக்கில் மயிரிழை வெடிப்பு விழுந்து, அதன் வழியே உப்புநீர் உள்ளே இறங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது, ஆக்சிஜன் பட்டுத் தானாகப் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம்தான். ஓடும் நீரில் அந்தப் படலம் கீறுபட்டாலும் மீண்டும் படிந்துகொள்ளும். நுரைக்குள் மாதக்கணக்கில் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்துபோன உப்புநீரில் அது படிவதில்லை. அதனால்தான் வெளியே பளபளவென்று தெரியும் அதே தண்டு, உள்ளே பற்றவைத்த இடங்களின் ஓரத்தில் யாருக்கும் தெரியாமல் அரிபட்டுக்கொண்டே வருகிறது.

ஆகவே புதியதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பழையதை அறுத்துப் பாருங்கள். அதற்கும் முன்பு, இலையின் வடிவத்தைப் பல உயரங்களில் ஒட்டுப்பலகையில் அச்செடுத்து, தண்டின் மையக்கோடு எங்கே விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அறுத்தபின் இந்த அளவுகள் கிடைக்கமாட்டா. பிறகு இலையின் அடியில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். நீர் புகுந்த சுக்கான் என்றால் கெட்ட வாடையுடன் பழுப்பு நீர் வடியும். அது வடிந்து முடிந்ததும், ஒரு பக்க ஃபைபர் ஓட்டினை மட்டும் கிரைண்டரால் விளிம்பை ஒட்டி அறுத்தெடுத்து, ஈரநுரையைச் சுரண்டிவிட்டு, தகடுகளின் முறிந்த முகத்தைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பகுதி கறுத்து மங்கிப்போய், ஓர் ஓரம் மட்டும் புதிதாக மினுங்கினால், அந்த முறிவு ஒரே நாளில் வந்ததல்ல. வெகுகாலமாக வெடித்துக்கொண்டே வந்து, மீந்திருந்த கொஞ்சமும் அன்றைக்கு விட்டிருக்கிறது. அத்தகைய தண்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. உங்கள் அத்தானின் யோசனையை நான் மறுப்பது இதனால்தான். ஃபைபர் ஓடுகளை ஒட்டிவிடலாம், உள்ளே அரிபட்ட எஃகை ஒட்ட முடியாது.

பட்டறைக்காரர் சொல்வதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் விசைப்படகுகளுக்கு அவர்கள் செய்யும் சுக்கான்கள் நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் அந்தச் சுக்கானின் கீழ் முனை படகின் அடிக்கட்டையிலிருந்து நீளும் தாங்கலில் உட்கார்ந்திருக்கிறது, பாரம் மேலும் கீழுமாகப் பங்கிடப்படுகிறது. உங்களுடையதில் முழுப் பாரமும், தண்டு படகின் அடியைவிட்டு வெளியே வரும் ஒரே இடத்தில் விழுகிறது. அதிகமான கனம் அந்த இடத்துக்கு உதவாது. தட்டையான தகடு, சிறிது கூடுதலாகத் திருப்பினாலே நீரோட்டத்தின் பிடியை இழந்துவிடும். பாய் இழுக்கும் படகுக்கு அது பெரிய குறை.

அந்த ஓரிடத்தில் விழும் பாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. இலையின் பரப்பு 0.4 சதுர மீட்டர் என்று கொள்வோம். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் முழுமையாகத் திருப்பினால் அதன் மேல் சுமார் 150 கிலோ எடைக்கு நிகரான பக்கவாட்டு அழுத்தம் விழும். அலைமுதுகில் சறுக்கி 10 நாட் தொடும்போது அது 600 கிலோவாகிவிடும், ஏனென்றால் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். தண்டின் வலிமையோ விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 50 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 60 போட்டால், அதே எஃகில் 70 சதவீதத்துக்கும் மேல் வலிமை கூடிவிடும். பழைய தண்டு எத்தனை மில்லிமீட்டர் என்று நீங்கள் எழுதவில்லை. தண்டு செல்லும் குழாயும் அதைப் பிடிக்கும் தாங்கிகளும் இடம்கொடுத்தால், செலவைப் பார்க்காமல் அடுத்த அளவுக்குப் போங்கள்.

இந்தச் சுக்கானை நாகையிலேயே செய்ய முடியும் என்பது என் உறுதியான எண்ணம். விசைப்படகுகளின் புரொப்பல்லர் தண்டுகளைக் கடைந்து பழகிய லேத்துகள் இங்கே இருக்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு பெருகிய ஃபைபர் படகுகளில் வேலை செய்து தேறிய கைகளும் இருக்கின்றன. நீங்கள் கூடவே நின்று வற்புறுத்த வேண்டியவை சில உண்டு. தண்டும் தகடுகளும் 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகாகவே இருக்க வேண்டும். அந்த 'எல்' கார்பன் குறைவு என்பதைக் குறிப்பது, பற்றவைத்த பிறகு அரிப்பு ஏற்படுவதை அது வெகுவாகக் குறைக்கும். ஆர்கான் வெல்டிங் தவிர வேறு எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கழுத்துக்கு அருகில், வளைவு மிகுதியாக விழும் இடத்தில், தண்டின் குறுக்கே எந்தப் பற்றவைப்பும் வரக்கூடாது. முதல் தகடு அதற்குக் கீழேதான் தொடங்க வேண்டும். ஒட்டுவதற்கு, படகு கட்டப் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசின் போதாது, எப்பாக்சி வாங்கிக்கொள்ளுங்கள். எஃகைப் பற்றிக்கொள்வதிலும் நீரைத் தடுப்பதிலும் இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. தாங்கிகளுக்கு நைலான் வேண்டாம், அது நீரை உறிஞ்சி உப்பிப் பிடித்துக்கொள்ளும். டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் கடையச் சொல்லுங்கள்.

இலையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் தகடே வைக்காமல் விடுவதும் நல்ல முறை. தரை தட்டினாலோ மரக்கட்டை மோதினாலோ அந்தப் பகுதி மட்டும் பிய்ந்து போகட்டும். அது பிய்யாமல் தண்டு வளைந்து குழாயைக் கிழித்தால், படகுக்குள் நீர் ஏறும். குழாயின் அளவுக்குச் செதுக்கிய மர அடைப்பு ஒன்றை அந்தக் குழாயின் அருகிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

இன்னொன்று, இலையின் பின்விளிம்பில் மேற்பக்கமாக ஒரு துளை விட்டு, சுற்றிலும் எப்பாக்சியால் கெட்டிப்படுத்தச் சொல்லுங்கள். தண்டுக்கும் இலைக்கும் மறுபடி தொடர்பு அற்றுப்போனால், அந்தத் துளையில் கயிறு கோத்து இருபுறமும் கயிறு இழுக்கும் வின்ச்சுக்குக் கொண்டுவந்து, இலையையே நேரடியாகத் திருப்பலாம். அன்றைக்கு உங்களிடம் அந்தத் துளை இருந்திருந்தால் இழுவைக்கு ஆள் தேடியிருக்க வேண்டாம்.

இனி இரண்டாவது கேள்வி. முன்பாயை விரித்துப் பிடிக்கும் கம்பத்தில் தரைப்பலகையைக் கட்டி, பின்பக்கம் துடுப்பாகப் பயன்படுத்தலாம் என்று பலரும் சொல்வார்கள். அமைதியான கடலில் அது நடக்கும். அலை எழும்பினால் பலகை மிதந்து மேலே வரும், கட்டு அவிழும், கம்பம் முறியும். நான் நம்புவது, படகின் பின்னால் கடலில் விட்டு இழுத்துச் செல்லும் பின்னிழுவையை. பாய்த்துணிக் கூம்போ, சங்கிலி கட்டிய பழைய டயரோ, எதுவானாலும் சரி. அதிலிருந்து இரண்டு கயிறுகளை எடுத்து, படகின் அகன்ற நடுப்பகுதியில் இருபுறமும் கப்பி வழியாகச் செலுத்தி, வின்ச்சில் சுற்றுங்கள். இடப்பக்கக் கயிற்றை இழுத்தால் இழுவை இடப்புறம் ஒதுங்கும், படகின் முகமும் இடப்புறம் திரும்பும். பெரிய பாய் முகத்தைக் காற்றை நோக்கித் திருப்பும், முன்பாய் காற்றிலிருந்து விலக்கும் என்பதால், பெரிய பாயை நன்றாகச் சுருக்கிவிட்டு முன்பாயை வைத்துக்கொள்ள வேண்டும். வேகம் குறையும், காற்றை எதிர்த்து ஏற முடியாது. ஆனால் காற்றைப் பக்கத்திலோ பின்னாலோ வாங்கிக்கொண்டு, நினைத்த திசைக்கு நாள்கணக்கில் போகலாம்.

விசைப்படகு இழுத்தபோது உங்கள் படகு அலைபாய்ந்ததற்கும் இதுவே மருந்து. சுக்கான் பிடிப்பு இல்லாத படகின் பின்னால் ஏதேனும் ஓர் இழுவை தொங்கினால், அது நேராக வரும். இழுகயிற்றை ஒரே கிளீட்டில் மாட்டாமல் இரண்டாகப் பிரித்து வின்ச்சுகளிலோ பாய்மரத்தின் அடியிலோ கட்டி, 4 நாட்டுக்கு மேல் போக வேண்டாம் என்று இழுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் கடற்கரையில் பெரும்பாலான ஃபைபர் படகுகளுக்குச் சுக்கானே கிடையாது, நீண்ட வால் எஞ்சினைத் திருப்பியே ஓட்டுகிறார்கள். ஆகவே சுக்கான் இழந்த கனமான படகு எப்படி நடந்துகொள்ளும் என்பது அவர்களுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம்.

நெடுங்கடல் பாய்மரப் பந்தயங்களுக்கான சர்வதேசப் பாதுகாப்பு விதிகள், சுக்கான் இல்லாமல் செலுத்தும் ஒரு முறையையாவது அந்தந்தப் படகிலேயே செய்து பார்த்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. பெரிய பயணங்களுக்கும் இந்தப் பழுது அந்நியமல்ல. ஆறு பெண் அதிகாரிகளுடன் 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட நம் கடற்படையின் பாய்மரப் படகான தாரிணி, 2018 ஏப்ரலில் சுக்கான் இயக்க அமைப்பு பழுதாகி, மொரீஷியஸின் போர்ட் லூயி துறைமுகத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. அதைச் சரிசெய்துகொண்டு மே 21 அன்று அவர்கள் கோவா வந்து சேர்ந்தார்கள்.

தையில் புறப்பட வேண்டாம். வாடைக்காற்று அதற்குள் முழுமையாகத் தணிந்திருக்காது. காரைக்காலிலிருந்து கோடிக்கரை வரையிலான கரை முழுவதும் அந்தக் காற்றுக்குக் கீழே கிடக்கிறது. சுக்கான் போன படகைக் காற்று கரையை நோக்கியும், நீரோட்டம் தெற்கே கோடிக்கரைத் திட்டுகளை நோக்கியும் தள்ளிக்கொண்டு போகும். திருகோணமலை இங்கிருந்து சுமார் 150 கடல் மைல்; புதுச் சுக்கானின் முதல் சோதனையாக அமைய வேண்டிய தூரம் அல்ல. மாசியில் படகை இறக்குங்கள். இங்கே ஓத ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு, முகத்துவாரத்தில் மணலும் மேடிட்டிருக்கும். ஆழமான அடிக்கட்டையுள்ள உங்கள் படகு ஓதம் ஏறும் நேரம் பார்த்தே வெளியேற வேண்டும். பிறகு கரை தெரியும் தூரத்திலேயே, காற்றுள்ள பிற்பகல்களில், சக்கரத்தை நடுவில் கட்டிப்போட்டுவிட்டு, பின்னிழுவையை மட்டும் கொண்டு வேளாங்கண்ணி வரை போய்வாருங்கள். அத்தானும் தனியாக அதைச் செய்து காட்டட்டும். அப்பயிற்சியின்போதும் வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் அலைவரிசை திறந்தே இருக்கட்டும். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் கைபேசியில் இருக்கட்டும். இருவருக்கும் கை பழகிவிட்டால், பங்குனியில் காற்று பார்த்துப் புறப்படலாம்.

அன்புடன்.